கருந்துளையின் அதிர்வைக் கணக்கிட்டவரின் ஊர்களில்

வெள்ளி, பெங்களூரு

கருந்துளைகளை ஆராய்ந்த இயற்பியலாளர் சி. வி. விஷ்வேஷ்வரா படித்த, வேலை பார்த்த இடங்களைப் பார்த்துவிட்டு, ஈர்ப்பு அலைகளை, அதாவது வெளியையே நெளியவைத்தபடி பரவும் அலைகளை, பிடிக்கும் இந்திய ஆய்வுக்கூடம் அமையவிருக்கும் மகாராஷ்டிரத்து ஹிங்கோலி வரை போய்வரக் கிளம்பியிருக்கிறேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் நான். “கருந்துளையை ஆராய்வதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள முடியுமா சார்?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுகிறார். முடியும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு முழு ஆயுள் இருக்கிறது. அதை ஒருவருடைய வாழ்க்கையை வைத்தே அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்று சென்ட்ரல் கல்லூரிக்குப் போனேன். மெட்ரோவை விட்டு மேலே ஏறினால் பழைய கல் கட்டடங்கள். விஷ்வேஷ்வரா 1938இல் இதே ஊரில் பிறந்தவர். தந்தை கன்னட எழுத்தாளர். மைசூர்ப் பல்கலைக்கழகப் பட்டங்களை இங்கே முடித்துவிட்டு அமெரிக்கா போனார். முதலில் கொலம்பியா பல்கலைக்கழகம், பிறகு மேரிலாந்து. அங்கே சார்லஸ் மிஸ்னரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தை மாணவர்கள் மனத்தில் பதியவைப்பது கடினம். ‘கருந்துளை’ என்ற பெயரே அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஜான் வீலர் அதைப் பரப்பியது 1967க்குப் பிறகு. ஆகவே விஷ்வேஷ்வரா ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளுக்குப் பெயர் ‘ஷ்வார்ட்ஸ்சைல்டு தீர்வு’ என்பதுதான். அது ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு 1916இல் கிடைத்த ஒரு விடை. அப்படி ஒரு பொருள் இயற்கையில் உண்டு என்பதற்கு ஆதாரம் கிடையாது. உண்டென்றாலும், லேசாகத் தட்டினால் அது சிதைந்துபோகுமா, நிலைத்து நிற்குமா என்பதும் தெளிவாகவில்லை. 1957இல் ரெட்ஜியும் வீலரும் இந்தக் கேள்வியைத் தொடங்கிவைத்திருந்தார்கள். அதைத்தான் விஷ்வேஷ்வரா கையிலெடுத்தார். நிலைத்து நிற்கும் என்று நிறுவினார். 1968இல் பட்டம்.

இருக்கிறதா என்றே தெரியாத ஒன்று நிலையானதா என்று ஆராய்வதற்கு இளமையின் சிறந்த ஆண்டுகளைக் கொடுக்க ஒருவருக்குத் துணிவு வேண்டும். வாசலில் நின்று இதைத்தான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனி, சதாசிவநகர்

ஒரு நண்பர் ஏற்பாடு செய்ததால் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் போக முடிந்தது. மேக்ரி சர்க்கிளின் இரைச்சல் வாசலைத் தாண்டியதும் மட்டுப்படுகிறது. எங்கு பார்த்தாலும் மரங்கள். சர் சி. வி. ராமன் 1970இல் காலமானபோது இந்த வளாகத்திலேயே தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் கல்லறை இல்லை, ஒரு மரம் நிற்கிறது. அதன் கீழே சற்று நேரம் உட்கார்ந்தேன்.

அதே 1970இல்தான் விஷ்வேஷ்வரா ‘நேச்சர்’ இதழில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார். சில பக்கங்களே கொண்ட சிறிய கட்டுரை. தனியாக இருக்கும் கருந்துளையை எப்படிக் காண்பது என்பது மிஸ்னர் அவர் முன் வைத்த கேள்வி. ஒளியே வெளிவராத பொருளை எதைக் கொண்டு பார்ப்பது? அதன் மேல் ஈர்ப்பு அலையைப் படவிட்டு, சிதறி வருவதில் கருந்துளையின் அடையாளம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று விஷ்வேஷ்வரா நினைத்தார். கணினியில் ஒரு கருந்துளையை வைத்து அலைத் துடிப்புகளை ஒவ்வொன்றாக அதன் மீது ஏவினார். அகலமான துடிப்புகள் ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்தன. துடிப்பை ஒடுக்கிக்கொண்டே போய், அதன் அகலம் கருந்துளையின் அளவுக்கு வந்ததும் புதிதாக ஒன்று தோன்றியது. திரும்பி வந்த அலையின் வாலில் ஓர் அதிர்வு. குறிப்பிட்ட அலைவெண்ணில் ஏறி இறங்கி, வேகமாகத் தேய்ந்து அடங்கியது. எந்தத் துடிப்பை அனுப்பினாலும் அதே அலைவெண், அதே வேகத்தில் தேய்வு.

வெண்கல மணியை எதைக் கொண்டு அடித்தாலும் அது தன் சொந்த ஒலியைத்தானே எழுப்பும். கருந்துளையும் அப்படித்தான். அதன் நிறையும் சுழற்சியும் மட்டுமே அந்த ஒலியை முடிவு செய்கின்றன. சூரியனைப்போல் பத்து மடங்கு நிறையுள்ள, சுழலாத ஒரு கருந்துளையை எடுத்துக்கொண்டால் அதன் முதன்மை அதிர்வு நொடிக்குச் சுமார் 1,200 தடவை. அரை மில்லிசெகண்டுக்குச் சற்று மேலான நேரத்துக்குள் வீச்சு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நிறை இரட்டித்தால் அலைவெண் பாதியாகும். இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. எங்கோ இருக்கும் ஒரு பொருள் தன் எடையைத் தானே சொல்லிவிடுகிறது.

இந்த அதிர்வுகளுக்குக் ‘குவாசி நார்மல் மோடு’ என்ற பெயர் அடுத்த ஆண்டு வந்தது. 1975இல் சந்திரசேகரும் டெட்வைலரும் அவற்றைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய அதே சந்திரசேகர்தான். ராமன் அவருக்குச் சித்தப்பா. சித்தப்பா கட்டிய இந்த நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டே, 1976இல், விஷ்வேஷ்வரா வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அமெரிக்காவில் இடங்கள் இருந்தபோது ஏன் திரும்பி வந்தார் என்று நண்பரிடம் கேட்டேன். “அதை ஏன் கேள்வியாகவே வைக்கிறீர்கள்? இங்கே செய்ய வேலை இருந்தது, வந்தார்” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. இங்கே அவரைச் சுற்றி ஒரு சார்பியல் குழு உருவானது. பாலா ஐயர் போன்றவர்கள் அந்தச் சூழலில் வேலை செய்து, இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கும்போது எழும் அலையின் வடிவத்தை வெளிநாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து படிப்படியாகக் கணக்கிட்டார்கள். காகிதமும் பென்சிலுமாகப் பல்லாண்டுகள் நடந்த வேலை அது. ஈர்ப்பு அலையை நேரடியாக அளக்க உலகில் எந்தக் கருவியாலும் அப்போது முடியவில்லை. விஷ்வேஷ்வரா படித்த மேரிலாந்திலேயே ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளை வைத்து அளக்க முயன்று, கிடைத்துவிட்டதாக 1969இல் அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது கிடைக்கவில்லை. 1974இல் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த இரட்டைத் துடிவிண்மீன், ஏழே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டே, ஈர்ப்பு அலையாக ஆற்றலை இழந்து தன் துணையை மெல்ல மெல்ல நெருங்கிவருவது மட்டும் ஐன்ஸ்டைன் சொன்னபடி இருந்தது. நம்பிக்கைக்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

ஞாயிறு, ஹை கிரவுண்ட்ஸ்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த இடம் ஜவஹர்லால் நேரு கோளரங்கம். 1989இல் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் விஷ்வேஷ்வரா.

கருந்துளையின் அதிர்வைக் கணக்கிட்ட ஒருவர் குழந்தைகளுக்குக் கோளரங்கம் நடத்தப் போனதை, ஆராய்ச்சியிலிருந்து அவர் விலகிவிட்டதாகப் பேசுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அதை எழுதவே இன்று காலையில் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போனேன்.

கன்னடக் காட்சி. எனக்குப் பாதிதான் புரிந்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி, ஐந்தாம் வகுப்பு இருக்கலாம். குவிமாடத்தில் வெளிச்சம் குறைந்து ஒவ்வொரு விண்மீனாக வந்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பால்வழி மண்டலம் முழுவதும் வந்ததும் பக்கத்திலிருந்த பாட்டியின் கையைப் பிடித்து இழுத்து மேலே காட்டினாள். பாட்டி ஏற்கெனவே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்து வானத்தில் அவரும் அதைப் பல காலமாகப் பார்த்திருக்க மாட்டார்.

காட்சிகளுக்கான உரைகளை விஷ்வேஷ்வரா தாமே எழுதினார். ஓவியமும் அவருக்குக் கைவரும். மாநாட்டு நூல்களில்கூட அவரது கேலிச்சித்திரங்கள் வந்திருக்கின்றன. ஆனால் அவர் இங்கே செய்த பெரிய காரியம் குவிமாடத்துக்கு வெளியே நடப்பது. கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில், இளநிலை படிக்கும் மாணவர்களை வரவழைத்து இயற்பியலை அடியிலிருந்து சொல்லிக்கொடுக்கும் திட்டம் ஒன்று இங்கே நடக்கிறது. ‘ரீப்’ என்று அழைக்கிறார்கள். தேர்வுக்கான பயிற்சி இல்லை இது. நகரத்தின் ஆய்வு நிறுவனங்களிலிருந்து விஞ்ஞானிகளே வந்து பாடம் எடுக்கிறார்கள். சாதாரணக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைக்கு ஒரு விஞ்ஞானி எப்படி யோசிக்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்? இங்கே உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் பிறகு ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறார்கள்.

எழுபதுகளில் அவர் கணக்கிட்ட அதிர்வைக் கேட்கக் கருவி வேண்டும். கருவிக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எண்பதுகளில் பள்ளியில் இருந்தார்கள். அவர்களுக்காக வேலை செய்ததும் அதே ஆராய்ச்சிதான் என்பது என் கட்சி.

வளாகத்து அறிவியல் பூங்காவில் மதியம் வரை சுற்றினேன். வெயில் கடுமை.

திங்கள், ரயிலில்

நேற்று இரவு உத்யான் எக்ஸ்பிரஸ் ஏறினேன். குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாக நாளெல்லாம் வறண்ட நிலம். குறிப்புகளைச் சரிபார்த்தேன், தூங்கினேன். மாலையில் புனே.

செவ்வாய், புனே

பல்கலைக்கழக வளாகத்துக்குள் அயூகா என்ற வானியல், வானியற்பியல் ஆய்வு மையம். 1988இல் ஜயந்த் நார்லிகர் தொடங்கி வளர்த்த நிறுவனம்; கட்டடம் சார்லஸ் கொரியாவின் கைவண்ணம். நடு முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நால்வரும் சிலையாக இருக்கிறார்கள்.

இங்கே சஞ்சீவ் துரந்தர் எண்பதுகளின் இறுதியிலிருந்து ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்: இரைச்சலுக்குள் புதைந்திருக்கும் அலையை எப்படித் தோண்டி எடுப்பது? அவரும் சத்யபிரகாஷும் 1991இல் வெளியிட்ட கட்டுரை, எதிர்பார்க்கும் அலை வடிவங்களை முன்கூட்டியே வரிசையாகத் தயாரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தரவோடு பொருத்திப் பார்க்கும் முறைக்கு அடிப்படை அமைத்தவற்றுள் ஒன்று. பெங்களூரில் அலையின் வடிவம், புனேவில் அதைத் தேடும் வழி. இரண்டும் தயாராகி, அமெரிக்காவில் ஈர்ப்பு அலையைப் பிடிக்க அமைத்த லைகோ கருவிகளுக்காகக் காத்திருந்தன.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு தமிழ்ப் பெண், பெயர் வேண்டாம் என்றார், மதியம் முழுவதும் எனக்கு நேரம் ஒதுக்கினார். மடிக்கணினியில் 2015 செப்டம்பர் 14ஆம் தேதியின் பதிவைத் திறந்தார். முதன்முதலாக நேரடியாகப் பிடிபட்ட ஈர்ப்பு அலை அது. ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் இரண்டு கருவிகளிலும் வந்தது, இடையே ஏழு மில்லிசெகண்டு வித்தியாசம். மொத்தமே ஐந்தில் ஒரு நொடி. சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 மடங்குள்ள ஒன்றாயின. மீதி மூன்று சூரியன்களின் நிறை அலையாகப் போய்விட்டது, 130 கோடி ஆண்டுகள் பயணம் செய்து நம்மை எட்டியது. லேசர் ஓடும் குழாயைக் கருவியின் கை என்கிறார்கள்; நான்கு கிலோமீட்டர் உள்ள அந்தக் கையின் நீளம் அப்போது மாறியது ஒரு புரோட்டானின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு.

“இதைப் பெரிதாக்கிக் காட்டட்டுமா சார்?” என்றார். உச்சியைத் தாண்டிய இடத்தைத் திரையில் விரித்தார். உச்சிக்குப் பிறகு ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், அதைவிடச் சிறிய ஏற்றம். பிறகு கோடு இரைச்சலில் கரைந்துவிடுகிறது. நொடிக்குச் சுமார் 250 அதிர்வு, நான்கு மில்லிசெகண்டில் தேய்வு.

“இந்த இடம்தான் விஷ்வேஷ்வரா 1970இல் சொன்னது” என்றார் அவர்.

திரையில் விரல் அகலம்கூட இல்லை அந்த இடம். கண்ணை எடுக்கவே தோன்றவில்லை. 2016 பிப்ரவரியில் இது அறிவிக்கப்பட்டபோது விஷ்வேஷ்வரா உயிரோடு இருந்தார். கணக்குப் போட்டு 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஜனவரியில் காலமானார். அவர் காலத்துக்குப் பிறகு, 2025 ஜனவரி 14இல் வந்த ஓர் அலை முதலாவதைவிட மூன்று மடங்குக்கு மேல் தெளிவாக இருந்தது. அதில் முதன்மை அதிர்வோடு, அதைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும் மேலதிர்வையும் பிரித்தறிய முடிந்தது. இரண்டு கருந்துளைகளின் பரப்பு சேர்ந்து 2,40,000 சதுர கிலோமீட்டர், இணைந்த பிறகு 4,00,000. பரப்பு குறையாது என்று ஹாக்கிங் 1971இல் சொன்னது அப்படியே இருந்தது.

பிறகு என் மாணவர்களின் கேள்வியை அவரிடம் கேட்டேன். ஒளிக்காமல் பேசினார். எம்.எஸ்சி. முடித்து அயூகாவின் நுழைவுத் தேர்வு எழுதி வந்தவர். முதல் ஆண்டு வகுப்புகள், பிறகு நான்கைந்து ஆண்டுகள் ஆய்வு. அது முடிந்தால் வேறு நாட்டில் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த வேலை, பிறகு இன்னொரு நாட்டில் இன்னொன்று. நிரந்தரப் பணி முப்பதுகளின் நடுவில் கிடைத்தால் நல்லது. “வீட்டில் எப்போது வேலைக்குப் போவாய் என்று கேட்கிறார்கள் சார். இதுதான் வேலை என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு இப்போது புரிந்துவிட்டது, அப்பாவுக்கு இன்னும் இல்லை.”

“கட்டுரையில் ஆயிரம் பேரின் பெயர் வருகிறதே, அதில் உன் உழைப்பு எது என்று எப்படித் தெரியும் அம்மா?”

“எங்கள் குழுவுக்குள் எல்லாருக்கும் தெரியும் சார். யாருடைய நிரல் எந்தப் பிழையைப் பிடித்தது, யார் நள்ளிரவில் எழுந்து எச்சரிக்கையைச் சரிபார்த்தார்கள் என்று தெரியும். வெளியே தெரியாது. அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள் தனியாகச் செய்யும் கோட்பாட்டு வேலைக்குப் போகலாம்.”

1970 கட்டுரையில் ஒரே பெயர். 2016 கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேல். இதே துறையில் இரண்டு வகை வாழ்க்கைக்கும் இடம் உண்டு என்று என் மாணவர்களுக்கு நிச்சயம் சொல்வேன். சம்பளத்தையும் ஒப்பந்தங்களையும் பற்றி அவர் சொன்னதையும் மறைக்க மாட்டேன். பெற்றோர் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீட்டில், முப்பத்தைந்து வயது வரை நிலையில்லை என்பது சிறிய விஷயம் இல்லை.

கிளம்பும்போது ‘சாரதி’ கணினித் தொகுதி இருக்கும் கட்டடத்தைக் காட்டினார். லைகோவின் தரவு இங்கும் அலசப்படுகிறது.

வியாழன், ஔண்டா நாக்நாத்

இரவு ரயிலில் பர்பனி, அங்கிருந்து பேருந்து. ஹிங்கோலி மாவட்டம். கரிசல் மண், மஞ்சள் வயல்கள். ஊரின் நடுவில் பழைய சிவன் கோயில். அதன் கற்சிற்பங்களுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், எனக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

பக்கத்தில் துதாலா. லைகோ-இந்தியா இங்கே அமையவிருக்கிறது. 2016இல் கொள்கை அளவிலும், 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு முழுமையாகவும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை, சாலையோரத்திலிருந்துதான் பார்த்தேன். எல் வடிவில் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள் வரவேண்டிய நிலம் தட்டையாக, கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. அமெரிக்காவின் இரண்டு கருவிகளும், இத்தாலியிலும் ஜப்பானிலும் இருப்பவையும் போதாதா என்று கேட்கலாம். ஈர்ப்பு அலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் கருவிகளுக்கிடையிலான நேர வித்தியாசத்தை வைத்தே கணிக்க வேண்டும். கருவிகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. இந்த வயல்வெளியில் ஒன்று அமைந்தால், வானத்தில் தேட வேண்டிய பரப்பு வெகுவாகக் குறையும். தொலைநோக்கிகளை உடனே அந்தப் பக்கம் திருப்ப முடியும்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது தேநீர்க் கடைக்காரத் தம்பி என் இந்தியைப் பொறுத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். இந்தத் திட்டத்தைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உள்ளே பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும்தான் வேலை என்று அவர் நினைத்திருந்தார். வெற்றிடக் குழாய்களைப் பற்றவைப்பது, பம்புகளைக் கவனிப்பது, மின்னணுச் சுற்றுகள், லேசர் அறையைத் தூசியில்லாமல் வைத்திருப்பது என்று இயற்பியலாளர் அல்லாதவர்கள் செய்யும் வேலைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். மின்னணுவியலில் டிப்ளமோ படிக்கிறாளாம்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேராகக் கேள்வி. “எப்போது ஓடத் தொடங்கும் சார்?”

2030களின் தொடக்கத்தில் என்று எதிர்பார்க்கிறார்கள் என்றேன்.

சற்றுக் கணக்குப் போட்டாள். “அப்போது எனக்கு இருபத்து நான்கு இருக்கும். லேசருக்குப் போக வேண்டுமென்றால் எங்கே பயிற்சி?”

இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம் லேசர், ஒளியியல் பகுதியைப் பார்த்துக்கொள்கிறது, வெற்றிடத்துக்குக் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் என்று சொல்லி இரண்டு பெயர்களையும் எழுத்துக்கூட்டினேன். மராத்தியில் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினாள். டிப்ளமோவோடு போதுமா, பி.இ. முடிக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி. பேருந்து வந்துவிட்டது. விசாரித்து எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புனேயில் அந்தப் பெண்ணிடம் கேட்டால் தெரிந்துவிடும்.